தண்ணி கலங்கினால் முதலில் பக்கெட்டைத் தள்ளி வையுங்கள்

கலர் மீன் வளர்க்கிற எல்லாரும் ஒரு நாள் இதைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். நேற்று வரைக்கும் பளிச்சென்று இருந்த தொட்டி, காலையில் எழுந்து பார்த்தால் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடக்கும். அப்புறம் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஒருத்தர் மீனைப் பிடித்துக் குண்டாவில் போடுவார், இன்னொருத்தர் தொட்டியை வாசலுக்குத் தூக்கிப்போய்க் கவிழ்த்து, கல், மண், ஃபில்டர், பிளாஸ்டிக் செடி எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ரொப்பி மீனைத் திரும்ப விடுவார். சாயங்காலம் வரைக்கும் எல்லாருக்கும் திருப்தி. மூணாம் நாள் மறுபடியும் அதே வெள்ளை, கூடவே ரெண்டு மீன் மல்லாந்து மிதக்கும். கடைக்காரர் ஒரு நீல மருந்து கொடுப்பார், அதையும் ஊற்றுவார்கள். இப்படியே நாலு தடவை ஆனதும் தொட்டி மொட்டை மாடிக்குப் போய்விடும்.

பெரும்பாலும் அந்த மீன்கள் செத்தது கலங்கலால் இல்லை, கழுவினதால்.

ஏன் என்று கொஞ்சம் புரிந்துகொண்டால் மிச்சமெல்லாம் சுலபம். மீன் கழிவிலிருந்தும் தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் தண்ணீரில் அமோனியா சேருகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், வேறொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அமோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம், நைட்ரேட் அளவோடு இருந்தால் பெரிய தொந்தரவு இல்லை. இந்த நல்ல பாக்டீரியா தண்ணீரில் மிதந்துகொண்டு இருப்பதில்லை, ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. புதுத் தொட்டியில் இது போதுமான அளவு வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். சோப்புப் போட்டுக் கழுவினால் அத்தனையும் ஒரே மதியத்தில் போய்விடும், அப்புறம் மறுபடி முதலிலிருந்து.

அதனால் தண்ணீர் கலங்கினால் எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு, பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். தொட்டியில் பார்க்கிற நிறத்தை நம்ப வேண்டாம், லைட்டும் பின்பக்கம் ஒட்டின நீல ஸ்டிக்கரும் ஏமாற்றிவிடும். டம்ளரில் லேசாகப் பச்சை தட்டினால் பாசி. தெளிவாகவே இருக்கிறது ஆனால் பழுப்பாக இருக்கிறது என்றால் மரக்கட்டைச் சாயம். வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருந்தால், டம்ளரை அப்படியே ஆடாமல் ஒரு ராத்திரி வைத்துவிடுங்கள். காலையில் அடியில் மெல்லிய படலமாக வண்டல் படிந்து மேலே தெளிந்திருந்தால் அது வெறும் தூசி. அப்படியே வெளுத்து நின்றால் அது பாக்டீரியா. இந்த ஒரு டம்ளர் சோதனையைச் செய்துவிட்டால், கடையில் போய் "தண்ணி கலங்கிருச்சுங்க, ஏதாவது மருந்து குடுங்க" என்று நிற்க வேண்டியதில்லை.

முதலில் தூசியை முடித்துவிடலாம், அது சின்ன விஷயம். புதிதாகத் தொட்டி வைத்த அன்றே கலங்கினால் கல்லை, மண்ணைச் சரியாகக் கழுவவில்லை என்று அர்த்தம். இப்போது ஆற்று மணல் கிடைப்பது கஷ்டம் என்று சிலர் வீடு கட்டின மிச்ச எம்-சாண்டை அள்ளிப் போடுகிறார்கள். அது பாறையை உடைத்துச் செய்வது, கல்தூள் போகவே போகாது, வேண்டாம். கடையில் விற்கிற கூழாங்கல்லாக இருந்தாலும் பக்கெட்டில் போட்டு, கையை விட்டுக் கிளறி, வடிக்கிற தண்ணீர் தெளிவாக வரும் வரைக்கும் கழுவுங்கள். தண்ணீர் ரொப்பும்போது கல்லின் மேல் ஒரு தட்டை வைத்து அதன் மேல் மெதுவாக ஊற்றினால் அடி கிளறாது. ஏற்கெனவே கலங்கிவிட்டதா, ஃபில்டரில் பஞ்சு அடைத்து ஓட விடுங்கள், ஒன்றிரண்டு நாளில் வடிகட்டிவிடும். பஞ்சு அடைத்துக்கொண்டால் மாற்றுங்கள்.

இன்னொன்றும் உண்டு. குழாய்த் தண்ணீரை வேகமாகப் பிடித்து ஊற்றியதும் வெள்ளையாகத் தெரிந்து, கீழிருந்து மேலாகச் சில நிமிடத்தில் தெளிந்தால் அது காற்றுக் குமிழிதான். விட்டுவிடுங்கள்.

இப்போது வெள்ளைக் கலங்கல். நிறையப் பேரை அலற விடுவது இதுதான், இதைத்தான் ஆற அமரப் பார்க்க வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கிற கழிவு, மிச்சத் தீனி, செத்த இலை இவற்றைத் தின்கிற வேறொரு வகை பாக்டீரியா திடீரென்று பெருகித் தண்ணீரிலேயே மிதக்கும்போது தொட்டி வெளுக்கிறது. மேலே சொன்ன நல்ல பாக்டீரியா இது இல்லை. புதுத் தொட்டியில் முதல் ரெண்டு வாரத்துக்குள் இது வந்தால் சகஜம், சில நாளிலிருந்து ரெண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். நீங்கள் தினமும் தண்ணீரை முழுக்க மாற்றினால் இது போகாது, இன்னும் இழுத்துக்கொண்டுதான் போகும்.

சரி, அப்போ கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதா என்றால், அப்படியும் இல்லை. இந்த பாக்டீரியா மூச்சுக்காகத் தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனை மீனோடு போட்டி போட்டு எடுத்துக்கொள்ளும். அதனால் ஏர் பம்ப் இருந்தால் ராத்திரி பகல் ஓட விடுங்கள், ஃபில்டர் வாயைத் தண்ணீர் மட்டத்துக்குத் தூக்கி மேல்பரப்பு அலையடிக்கிற மாதிரி வையுங்கள். தீனியை ரெண்டு நாள் நிறுத்துங்கள். மீன் பட்டினி கிடக்குமே என்று வீட்டில் பெரியவர்கள் மனசு கேட்காமல் சொல்வார்கள், நன்றாக வளர்ந்த மீன் ரெண்டு நாள் தின்னாவிட்டால் ஒன்றும் ஆகாது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கினால் மட்டும் நாலில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு அதே சூட்டில் இருக்கிற தண்ணீரை ஊற்றுங்கள். சித்திரை வெயிலில் மத்தியானம் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும், அதை நேராக விட்டால் மீன் அதிர்ச்சியிலேயே போய்விடும். காலையில் பிடித்து நிழலில் வைத்து ஊற்றுங்கள்.

பழைய தொட்டி, ஆறு மாதம் ஒரு வருஷம் நன்றாக ஓடிக்கொண்டு இருந்தது, திடீரென்று வெளுத்தது என்றால் கதை வேறு. எதுவோ நடந்திருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் மீனை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் ஃபில்டர் பின்னாலும் பொம்மைக் கோட்டைக்குள்ளும் பாருங்கள், செத்த மீன் அங்கே ஒதுங்கிக் கிடக்கும். முகர்ந்தும் பாருங்கள், நல்ல தொட்டியில் ஈர மண் வாசம்தான் வரும், அழுகின நாற்றம் வராது. அப்புறம் வீட்டில் விசாரியுங்கள், யார் தீனி போட்டது என்று. அப்பா காலையில் போட்டிருப்பார், அம்மா மத்தியானம் போட்டிருப்பார், ஸ்கூல் விட்டு வந்த பையன் ஒரு கை அள்ளிப் போட்டிருப்பான், மீனும் எப்போது போனாலும் கண்ணாடிகிட்ட வந்து வாலை ஆட்டிக் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். ரெண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு, ஒரு நாளைக்கு ஒரு தடவை, மிஞ்சினால் ரெண்டு தடவை. தீனி டப்பாவை ஒருத்தர் பொறுப்பில் விட்டாலே பாதிக் கலங்கல் தீர்ந்தது.

மூணாவது சந்தேகம் ஃபில்டர் மேல். நம் ஊரில் ராத்திரி சத்தம் வருகிறது, கரண்ட் வீண் என்று ஃபில்டரை நிறுத்திவிட்டுப் படுக்கிற பழக்கம் இருக்கிறது. தண்ணீர் ஓடாமல் நின்றால் பஞ்சுக்குள் இருக்கிற நல்ல பாக்டீரியா ஆக்சிஜன் கிடைக்காமல் சாக ஆரம்பிக்கும், காலையில் ஸ்விட்ச் போட்டதும் அந்த அழுகல் முழுக்கத் தொட்டிக்குள் வந்து விழும். சின்னத் தொட்டிக்குப் போடுகிற 5 வாட் ஃபில்டர் 24 மணி நேரமும் ஓடினாலும் மாதத்துக்கு 3.6 யூனிட்தான், ரெண்டு மாத பில்லில் ஏழு யூனிட். வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்கிற ஊரில் இதற்குப் போய்க் கஞ்சத்தனம் பண்ண வேண்டாம்.

ஃபில்டர் பஞ்சைக் கழுவுகிற முறையும் இருக்கிறது. தண்ணீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுத்த அதே பழைய தண்ணீரை ஒரு பக்கெட்டில் வைத்துக்கொண்டு, அதில் பஞ்சை முக்கி நாலு பிழி பிழிந்தால் போதும். அந்தத் தண்ணீர் கருப்பாக வரும், பஞ்சு பார்க்க அழுக்காகவே இருக்கும், இருக்கட்டும். குழாயடியில் வைத்து வெள்ளையாகும் வரைக்கும் கழுவினால் குளோரின் பட்டு பாக்டீரியா போய்விடும். பிழிந்த பழுப்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள், கறிவேப்பிலைச் செடி அதற்குத் தழைக்கும். நண்பர் வீட்டில் நன்றாக ஓடுகிற, நோயில்லாத தொட்டி இருந்தால் அவருடைய பழைய பஞ்சில் ஒரு துண்டு வாங்கி வந்து உங்கள் புது ஃபில்டருக்குள் வைத்துவிடுங்கள், நல்ல பாக்டீரியா என்று பாட்டிலில் விற்கிற எந்தத் திரவத்தையும் விட அது உருப்படியான வேலை செய்யும்.

ஃபில்டர் வாங்கும்போது அட்டையில் மணிக்கு எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கும், தொட்டிக் கொள்ளளவில் நாலைந்து மடங்கு இருக்கட்டும். ரெண்டடிக்கு ஓரடிக்கு ஓரடித் தொட்டி முழுக்க ரொப்பினால் சுமார் 56 லிட்டர், அதற்கு 250 முதல் 300 லிட்டர் ஃபில்டர் போதும். அதில் கோல்டு ஃபிஷ் ஆறு விடாதீர்கள். அது தின்றுகொண்டே இருக்கும், கழித்துக்கொண்டே இருக்கும், அந்த அளவுத் தொட்டிக்கு அது தாங்காது.

இந்த இடத்தில் தண்ணீரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இணையத்தில் படிக்கிற பொதுவான யோசனைகள் நம் பக்கத்துக்கு அப்படியே பொருந்தாது. கோயமுத்தூரில் ஒரே வீட்டில் நல்லதண்ணிக் குழாயும் உப்புத்தண்ணிக் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நல்லதண்ணிக் குழாயில் வருகிற சிறுவாணித் தண்ணீர் மென்மையானது, உப்பு ரொம்பக் குறைவு. உப்புத்தண்ணிக் குழாயில் வருகிற போர் தண்ணீர் அதற்கு நேர் எதிர், கடினம் அதிகம், பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்கிற அளவு, 7 என்றால் நடுநிலை) பெரும்பாலும் ஏறித்தான் இருக்கும். இதில் மீனுக்கு என்ன வம்பு என்றால், அமோனியாவின் விஷம் பிஎச்சைப் பொறுத்தது. 25 டிகிரி சூட்டில் பிஎச் 7 என்றால் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் விஷ வடிவத்தில் இருக்கும், பிஎச் 8 ஆனால் நூற்றில் ஐந்து பங்கு, அதாவது பத்து மடங்குக்குக் கிட்ட. அதனால் உப்புத்தண்ணித் தொட்டியில் கலங்கல் வந்தால் கொஞ்சம் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். அமோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், 0.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்கிற அளவு) தாண்டினால் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள், அடுத்த நாள் மறுபடி பாருங்கள். கலங்கலுக்குக் காசு போட்டுச் செய்கிற ஒரே சோதனை என்றால் அது இதுதான், மீதிப் பணத்தை மருந்தில் போட வேண்டாம்.

வெறும் சிறுவாணித் தண்ணீரிலேயே ஓடுகிற தொட்டிக்கு வேறு பிரச்சினை. பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கிற கார்பனேட் அதில் குறைவு, மாதக் கணக்கில் தண்ணீர் மாற்றாமல் விட்டால் பிஎச் சரசரவென்று இறங்கும், நல்ல பாக்டீரியாவும் மந்தமாகிவிடும். நாலில் ஒரு பங்கு உப்புத்தண்ணி கலந்து விடுங்கள், கோல்டு ஃபிஷ், கப்பி, மோலிக்கு அது நன்றாகவே ஒத்துக்கொள்ளும். திருப்பூருக்குக் கீழே நொய்யல் ஓரத்துக் கிணறுகளில் சாயக்கழிவு இறங்கி உப்பேறிய கதை எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் கிணற்றுத் தண்ணீரை, கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பார்க்காமல் தொட்டியில் விட வேண்டாம். ஆர்ஓ தண்ணீரோ கேன் தண்ணீரோ தனியாக ஊற்றுவதும் சரியில்லை, அதில் மீனுக்கு வேண்டிய தாது பெரும்பாலும் மிஞ்சாது, போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலக்கலாம்.

குழாயில் பிடிக்கும்போது தெளிவாக இருந்து, பக்கெட்டில் நின்றதும் செம்மஞ்சளாக மாறுகிற போர் தண்ணீர் உண்டு, அதில் இரும்பு இருக்கிறது. ஒரு ராத்திரி ஏர் ஸ்டோன் (ஏர் பம்பில் மாட்டுகிற குமிழிக் கல்) போட்டு வைத்து, அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேல் தண்ணீரை மட்டும் எடுத்து ஊற்றுங்கள். மழைக் காலத்தில் மாநகராட்சித் தண்ணீரே செக்கச்செவேலென்று வந்தாலும் இதே வழிதான், நன்றாகத் தெளிய வைத்து எடுங்கள்.

குளோரினைப் பொறுத்தவரை, தரைத்தொட்டியில் நாலைந்து நாள் தேங்கிய தண்ணீரில் அது பெரும்பாலும் போயிருக்கும். தண்ணீர் விட்ட அன்றைக்கு நேராகப் பிடித்ததில் வாடை குப்பென்று அடித்தால் 24 மணி நேரம் திறந்து வையுங்கள், இல்லை கடையில் கிடைக்கிற ஆன்டி குளோரின் சொட்டு விடுங்கள். தரைத்தொட்டியை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவின வாரத்தில் மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றாமல் இருப்பதே நல்லது.

பச்சைத் தண்ணீர் வெயிலால் வருவது. ஜன்னலோரத்தில், அதுவும் மேற்குப் பார்த்த ஜன்னலில் தொட்டி வைத்தால் மிதக்கும் பாசி சட்டென்று பிடித்துவிடும். மீனுக்கு அதனால் கெடுதல் ஒன்றும் பெரிதாக இல்லை, நம்மால் மீனைப் பார்க்க முடியாது என்பதுதான். தொட்டியை நகர்த்துங்கள், லைட்டை ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள். அப்புறம் மூணு நாலு நாள் தடிமனான போர்வையால் தொட்டியை முழுக்க மூடி, ஏர் பம்பை மட்டும் ஓட விட்டு, தீனி போடாமல் விட்டுவிடுங்கள். நடுவில் தூக்கித் தூக்கிப் பார்க்கக் கூடாது. போர்வையை எடுத்ததும் செத்த பாசி அழுகுவதற்கு முன்னால் மூணில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும், அதை விட்டுவிட்டால் பச்சை போய் வெள்ளை வந்து உட்காரும். திரும்ப வராமல் இருக்க, பாசிக்குத் தீனியான நைட்ரேட்டை வேறு யாராவது தின்ன வேண்டும். மணி பிளான்ட் கொடியை வெட்டி வேர் மட்டும் தண்ணீரில் இருக்கிற மாதிரி தொட்டி விளிம்பில் சொருகி வையுங்கள், செலவே இல்லாமல் வேலை நடக்கும். பொறுமை இல்லையென்றால் புற ஊதா ஒளியால் பாசியைக் கொல்கிற யூவி ஃபில்டர் வாங்கலாம், பச்சைக்கு அது கை கண்ட வழி.

பழுப்புத் தண்ணீர் மரக்கட்டையிலிருந்தோ நாட்டுப் பாதாம் இலையிலிருந்தோ இறங்குகிற சாயம். ஃபைட்டர் மீனுக்கு அது பிடிக்கும். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள்.

செய்யக் கூடாதவை கொஞ்சம். படிகாரத்தைத் தொட்டியில் சுற்றாதீர்கள். ஆற்றுத் தண்ணீரைத் தெளிய வைக்கப் பாட்டிமார் பானையில் தேத்தாங்கொட்டை உரசினதும் படிகாரம் சுற்றினதும் குடிக்கிற தண்ணீருக்கு, மீன் வாழ்கிற தண்ணீருக்கு இல்லை. படிகாரம் பிஎச்சை இறக்கும், அதில் இருக்கிற அலுமினியம் மீனின் செவுளைக் கெடுக்கும். கடையில் தருகிற நீல மருந்து, மெத்திலீன் புளூ, பூஞ்சைக்குத்தான், கலங்கலுக்கு இல்லை. நல்ல பாக்டீரியாவையும் அது சேர்த்து அடிக்கும், சிலிக்கான் ஒட்டுக்கெல்லாம் நீலம் ஏறிப் போகவே போகாது. தண்ணீர் தெளியும் திரவம் என்று விற்கிறதே, அது தூசிக் கலங்கலுக்கு மட்டும், அதுவும் பாட்டிலில் போட்ட அளவுக்கு மேல் ஒரு சொட்டும் கூடாது.

சக்கர் மீன் விட்டால் தொட்டி சுத்தமாகும் என்று கடையில் சொல்வார்கள். கண்ணாடிப் பாசியைக் கொஞ்சம் தின்னும், தின்றதை விட அதிகமாகக் கழிக்கும், ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் பாவம் என்று குளத்திலோ வாய்க்காலிலோ கொண்டுபோய் விடாதீர்கள், நம் ஊர் மீனை வாழ விடாமல் பெருகிவிடும். கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

தெளிந்த பிறகு வாரத்துக்கு ஒரு தடவை நாலில் ஒரு பங்கு தண்ணீரை ஒரு குழாய் வைத்து அடியிலிருந்து உறிஞ்சி எடுத்து மாற்றுங்கள், கல்லுக்குள் குழாயைக் குத்தினால் தங்கின அழுக்கெல்லாம் வந்துவிடும். கல்லைக் குத்தி உறிஞ்சுகிற அதே நாளில் ஃபில்டரையும் சேர்த்துக் கழுவ வேண்டாம், ஒரு வாரம் கல், ஒரு வாரம் ஃபில்டர்.

நோம்பி, பண்டிகைக்கு ஊருக்குப் போகும்போதுதான் நிறையத் தொட்டி கெட்டுப்போகிறது. லீவுக்கென்று விற்கிற தீனிக்கட்டி பல சமயம் கரைந்து தண்ணீரைக் கலக்கிவிடும். மூணு நாலு நாள் என்றால் தீனியே வேண்டாம், ஃபில்டர் மட்டும் ஓடட்டும். ஒரு வாரத்துக்கு மேல் என்றால் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுங்கள், ஆனால் தீனி டப்பாவைக் கொடுக்காதீர்கள். ரெண்டு நாளைக்கு ஒரு பொட்டலம் என்று அளந்து காகிதத்தில் மடித்து, மேலே கிழமையை எழுதிக் கொடுத்துவிட்டு, டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள்.